அக்கரையில் முளைத்த தட்டைப்பயறு

கடலுக்கு இந்தப் பக்கம் பன்னெண்டு பேரு, அந்தப் பக்கம் பன்னெண்டு பேரு, மாசி மாசம் ஒரே நாள்ல ஒரே நேரத்துல தட்டைப்பயறு ஊணினோம். நாங்க ஊணினது அங்க மொளைச்சுச்சு, அவங்க ஊணினது இங்க மொளைச்சுச்சு. நடந்தது அவ்வளவுதான், இதுல வாயைப் பொளக்க ஒண்ணுமில்ல. வாயைப் பொளக்க வேண்டிய காரியத்தையெல்லாம் பண்ணினது பயறு இல்ல, இஸ்திரி போட்ட சட்டையோட வந்த மனுசங்க. அதைச் சொல்றப்ப எனக்கு ரெண்டு வார்த்தை தடிச்சு வரும், பொறுத்துக்கங்க. பொறுக்க முடியாதவங்க எந்திரிச்சுப் போகலாம், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

எம்பேரு வைரக்கண்ணு. வேதாரண்யத்துக்குத் தெக்க, பூவந்திக்காடுன்னு மணலா கெடக்குற ஊரு எங்க ஊரு. நேரா தென்கெழக்க பாத்து நீந்தினா, நீந்தத் தெம்பிருந்தா, வடமராட்சிக் கரையில ஈச்சமோட்டைன்னு ஒரு ஊர்ல போயி ஏறலாம். அதுவும் எங்களாட்டம் மணல்தான். புயல் வந்து எங்க தென்னையைச் சாச்சுட்டுப் போச்சு, அவங்களுக்குச் சண்டை வந்து பனையைச் சாச்சுட்டுப் போச்சு, அப்பறம் பருப்புக் கப்பல் வராம அரிசியும் வராம அந்த ஊருப் பிள்ளைங்க மத்தியானத்துல பச்சத் தண்ணியைக் குடிச்சுட்டுத் தூங்குச்சுங்க. இதையெல்லாம் பேப்பர்ல படிச்சுட்டு ரெண்டு கரை அரசாங்கமும் சேந்து ஒரு பந்தலைப் போட்டு, ஒருத்தருக்கொருத்தர் சால்வை போத்திக்கிட்டு, இருகரைப் பயறுத் திட்டம்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. ரெண்டு பக்கமும் பயறு வெளையும், ரெண்டு பக்கமும் வயிறு நெறையும், விதையும் அறிவும் இங்கேருந்து அங்க போகும், அங்கேருந்து இங்க வரும்னு மைக்குல சொன்னாங்க. சொன்ன வார்த்தையை மண்ணு நம்பிடுச்சு. மனுசன் சொல்றதை மண்ணு அப்படியே எடுத்துக்கும்னு அந்த மேடையில இருந்த ஒருத்தனுக்கும் தெரியல.

எங்களுக்கு வெள்ளைப் பயறு ஆளுக்கு ஒரு கிலோ, அவங்களுக்குச் செவப்புப் பயறு ஆளுக்கு ஒரு கிலோ. எங்காளு ஒருத்தருக்கு அவங்காளு ஒருத்தருன்னு சோடி சேத்து, செல்போன் நம்பரையும் குடுத்தாங்க. வீடியோ எடுக்கணும்னு காலையில பத்து மணிக்கு ஒண்ணா ஊணச் சொன்னாங்க, ஊணினோம். எனக்குச் சோடி கனகசபைன்னு ஒரு பெரியவரு. எனக்கு அடுத்த நெலத்து அஞ்சம்மாக்காவுக்குச் சோடி தவமலர்னு ஒரு டீச்சரு, சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடத்துற பொண்ணு, நாப்பத்தி மூணு பிள்ளைக்கு மத்தியானச் சோறு பொங்கிப் போடுறதும் அதுதான். சோறுன்னு பேருதான், என்ன கெடக்குதோ அதை அவிச்சுக் கொட்டும். தட்டைப்பயறை அங்க கௌபிங்கிறாங்க. ரெண்டு மாசத்துல கௌபி வந்துரும், அவிச்சுத் தேங்காப்பூ போட்டுக் குடுக்கலாம்னு அது பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருச்சு.

மொளை வந்தப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியல. தண்ணி ஊத்துறப்பதான் தெரிஞ்சுச்சு. எங்க ஊர்ல குட்டையில எறங்கி ரெண்டு கையிலயும் ரெண்டு குடம் மொண்டு, குழிக்குழியா ஊத்தணும், மணல்ல வாய்க்காலு நிக்காது. அஞ்சம்மாக்கா அறுபது நடை நடந்து ஊத்தும், அது கொல்லையில செடி வாடும். நான் ரெண்டு நாள் போகாம டீக்கடையில உக்காந்திருப்பேன், என் கொல்லையில செடி தளதளன்னு நிக்கும். அப்ப நான் பேசின பேச்சு இருக்கே, இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கே என்னை அறையணும்போல இருக்கு. என் மண்ணு வாக்கு அப்படி, என் கைராசி அப்படி, தண்ணியே வேணாம் என் பயறுக்குன்னு நாலு பேரு கேக்கச் சொல்லிட்டு, அடியோட தண்ணி ஊத்துறதை நிறுத்திட்டேன். பன்னெண்டாம் நாளு கனகசபைப் பெரியவரு போன் பண்ணி, "தம்பி, குறை நினையாதையும், உம்மட தோட்டத்துக்கு ஏதும் வருத்தமோ, இஞ்ச என்ர கண்டெல்லாம் கருகிப்போச்சு"ன்னாரு. நான் டீ கிளாசைக் கீழ வச்சேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கம் பகல்ல நான் போனதில்ல.

அன்னைக்குத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. இந்த மண்ணுல என்ன பண்ணினாலும் அது அந்த மண்ணுக்குப் போகுது, செடியில கையால பறிக்கிறது மட்டும் பறிச்சவங்க கையிலயே நிக்குது. இங்க ஊத்துற தண்ணி அங்க வேருக்கு ஏறுது, அங்க புடுங்குற களை இங்க தானா வேரறுந்து கெடக்குது. யாரும் கோயிலுக்கு ஓடல, யாரும் குறி கேக்கல. எங்க கவலையெல்லாம் வேற. நாளைக்குக் கல்யாணம், ஊருக்குப் போகணும், யாரு தண்ணி ஊத்துறது, அங்க பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க. இதுதான் கவலை. காலையில எந்திரிச்சதும் பூவந்திக்காட்டுல பன்னெண்டு வீட்டுப் போனும் அடிக்கும். "அக்கா, இண்டைக்குக் கொஞ்சம் கூட விடுங்கோ, இஞ்ச பூப் பிடிக்குது"ம்பாங்க. "ஏம்மா, எங் கொல்லையில கோரை மண்டுது, உங்க கொல்லையில கொஞ்சம் கொத்தி விடேன்"னு இங்கேருந்து சொல்லுவாங்க. அவங்க வெறும் மண்ணைக் கொத்துவாங்க, இங்க கோரை சாயும், அவங்க நடந்த தடமும் ஆளில்லாம எங்க மணல்ல விழும்.

நடுவுல என் சித்தப்பா செத்துப்போனாரு. எங்க ஊர்ல சாவு விழுந்த வீட்டுக்காரன் பதினாறு நாளைக்கு வெள்ளாமையில கால் வைக்கக் கூடாது, வச்சா பயிரு பட்டுப்போகும்னு கட்டுப்பாடு. இப்ப நான் ஊத்தலன்னா கனகசபைக்குப் பயிரு போயிரும், ஊத்தினா தீட்டு போயி ஒட்டும். கோயில் வாசல்ல உக்காந்து ஊரே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுச்சு. தீட்டு கடல் தாண்டுமா தாண்டாதாங்கிறதுதான் பேச்சு. உப்புத் தண்ணியில எல்லாம் கழிஞ்சிரும்னு ஒரு கட்சி, தண்ணியே மண்ணுக்குள்ள போகுது, தீட்டு போகாதான்னு ஒரு கட்சி. கடைசியில அந்தக் கரைக்கே போன் போட்டுக் கேட்டோம். "எங்களுக்குத் துடக்கெண்டால் முப்பத்தொரு நாள், உங்களுக்குப் பதினாறுதானே, பரவாயில்லை, பக்கத்துக் காணிக்காரர் ஊத்தட்டும்"னு கனகசபை தீர்ப்பு சொன்னாரு. அஞ்சம்மாக்கா தன் அறுபது நடையோட என் அறுபது நடையும் சேத்து நடந்துச்சு. ரெண்டு அரசாங்கம் பேசியும் ஒண்ணும் ஆகாத ஊருங்க, ஒரு தீட்டைப் பத்தி ஒரே சாயங்காலத்துல பேசி முடிச்சுக்கிட்டோம்.

இந்த லட்சணத்துல பயறு காய்ச்சுச்சு. அங்க தவமலர் நெலத்துலதான் மொதல்ல. அஞ்சம்மாக்கா ஊத்தின தண்ணியாச்சே, அப்படிக் காய்ச்சுச்சாம், ஒரு மொழம் நீளம். பிள்ளைங்க வரப்போரம் வரிசையா வந்து நின்னு பாத்துட்டுப் போவுமாம்.

அப்ப வந்தாங்க திட்டத்து ஆபீசருங்க. ரோட்டோரத்துல இருக்குற தவமலர் நெலந்தான் அங்க அளந்து காட்டுறதுக்குன்னு ஒதுக்கின மாதிரி நெலம், போர்டு வச்ச நெலம், அதுக்குச் சோடின்னு இங்க அஞ்சம்மாக்கா நெலம் மாதிரி நெலம். மத்த பதினோரு நெலத்தை யாரும் அளக்கவே வரல, எந்த ரெக்கார்டுலயும் அது இல்ல, இல்லாம இருந்ததே புண்ணியமாப் போச்சு. அந்தக் கரைத் திட்ட ஆபீசரு காயை உரிச்சுப் பாத்தாரு, உள்ள வெள்ளைப் பயறு. நாங்க குடுத்தது செவப்பு, இது எப்படி வெள்ளையாச்சு, இது அனுமதி இல்லாம நாட்டுக்குள்ள வந்த பயிரு, இதை யாரும் தொடக் கூடாது, திங்கக் கூடாதுன்னு நாலு பக்கமும் குச்சி நட்டு, மஞ்சக் கயிறு கட்டி, பலகை மாட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பயறையும் ஒரே பந்தல்ல வச்சு ஒரே நாள்ல குடுத்த மகராசனுங்க இவனுங்கதான். விதையும் அறிவும் அங்கேயும் இங்கேயும் போகும்னு சொன்ன வாயி இந்த வாயிதான். போனது குத்தமாம்.

கயிறு கட்டினது எவ்வளவு பெரிய காரியம்னு எங்களுக்குத் தெரியல, தவமலர்தான் சொல்லுச்சு. "அக்கா, கயிறு கட்டிப் பலகை மாட்டின காணிக்குள்ள எங்கட சனம் கால் வைக்காது. கண்ணிவெடி கிடந்த மண் இது. நடக்கப் பழகுற பிள்ளைக்கு முதல்ல நாங்க சொல்லிக் குடுக்கிறது அதுதான். என்ர தமையன் ஒருக்கா கால் வைச்சவர்"னுச்சு. நாங்களா இருந்தா அந்தக் கயித்தை அறுத்து மாடு கட்டியிருப்போம். அவங்களால முடியாது. அந்தக் கயித்தைக் கட்டினவனுக்கும் அது தெரியும், அவனும் அந்த மண்ணுக்காரந்தான்.

தவமலர் உள்ள போக முடியல, அங்க தண்ணி ஊத்த ஆளில்ல, இங்க அஞ்சம்மாக்கா செடி வாடுச்சு. "நீங்க ஊத்தாம விடுங்கோ அக்கா, பறிக்க ஏலாத காய்க்கு ஏன் மெனக்கெடுறியள்"னுச்சு தவமலரு. அஞ்சம்மாக்கா கேக்கல. தன் செடி கண்ணு முன்னால சாகச் சாக, குடம் குடமா ஊத்திக்கிட்டே இருந்துச்சு, அங்க கயித்துக்குள்ள காய் முத்திக்கிட்டே இருந்துச்சு, கயித்துக்கு வெளிய நாப்பத்தி மூணு பிள்ளைங்க பச்சத் தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. நான் ஒரு நாளு கேட்டேன், "உனக்கென்ன பைத்தியமாக்கா, உன் கொல்லையைப் பாரு"ன்னு. "பிள்ளைகளுக்குச் சொல்லி வச்சிருச்சுல்லடா அவ"ன்னு சொல்லிட்டுக் குட்டைக்குள்ள எறங்கிடுச்சு.

அப்பறம் அங்க மருந்தடிச்சாங்க. களைக்கொல்லி. விதை கேட்டா ஆளுக்கு ஒரு கிலோன்னு தராசுல நிறுத்துக் குடுத்த திட்டம், களைக்கொல்லிக்கு மட்டும் ரெண்டு கரைக்கும் லாரி லாரியா அனுப்புச்சு. தவமலர் நெலத்துல அடிச்ச மருந்து தவமலர் பயறை ஒண்ணும் பண்ணல. மூணே நாள்ல அஞ்சம்மாக்கா கொல்லை மொத்தமும் மஞ்சப் பூத்து, சுருண்டு, மண்ணோட மண்ணா விழுந்துச்சு. ஒரு காய் தேறல. அறுபது வயசுப் பொம்பளை வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு.

எங்க கரைத் திட்ட ஆபீசரு கெட்டிக்காரரு. எழுபது நாளா நாங்க சொன்னதை ஒருத்தரும் நம்பல, இவரு நம்பிட்டாரு. நம்பி என்ன பண்ணினாருன்னு கேளுங்க. அந்தக் கரை ஆபீசரு, அடிச்ச மருந்து வேலை செய்யலன்னு இவருக்கு எழுதினாராம். இவரு ஒரு ராத்திரி யோசிச்சுட்டு, கவலைப்படாதீங்க, அதை இங்கேருந்து அடிச்சுத் தர்றோம்னு பதில் எழுதினாராம். இந்தத் திட்டத்துல ரெண்டு ஆபீசும் கையோட கை சேத்து ஒத்துழைச்ச ஒரே காரியம் இதுதான். பிள்ளைக்குப் பயறு குடுக்க ஒரு கையெழுத்து கெடைக்கல, பயறைக் கொல்ல ரெண்டு கையெழுத்தும் ஒரே நாள்ல கெடைச்சிருச்சு. தூ.

வியாழக்கெழமை காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டாரு, ஸ்பிரேயர் மாட்டின நாலு ஆளோட, உத்தரவுத் தாளோட. ஊரைக் கூட்டி நிறுத்தி நியாயம் வேற பேசினாரு. "இந்த அம்மா பயிரை அவங்க அழிச்சாங்க. நாம பதிலுக்கு ஒண்ணு செய்யறோம். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? இங்க இருக்கறது செத்த செடிதானே?" ஊருல பாதிப் பேரு தலையாட்டினான். உண்மையைச் சொல்லிடுறேன், நானும் ஆட்டினேன். அஞ்சம்மாக்கா கொல்லையை அப்படிப் பாத்தவன் யாரா இருந்தாலும் ஆட்டியிருப்பான்.

அஞ்சம்மாக்கா ஆட்டல. முந்தானையில முடிஞ்சிருந்த போனை எடுத்து, எல்லாருக்கும் கேக்குறாப்ல ஸ்பீக்கர்ல போட்டு, தவமலரைக் கூப்புட்டுச்சு.

"தவமலரு, இங்க மருந்தடிக்க வந்துட்டாங்க. அடிச்சா உன் பயறு போயிரும். பிள்ளைங்க ஆத்தாமாரையெல்லாம் கூட்டிட்டு வா. இப்பவே பறிச்சுக்க."

"கயிறு கட்டியிருக்கு அக்கா."

"தெரியுது."

"சனம் உள்ள வராது அக்கா. நானும்..." அதோட அந்தப் பொண்ணு நிறுத்திடுச்சு.

அஞ்சம்மாக்கா செருப்பைக் கழட்டி வரப்புல வச்சுட்டு, செத்துப்போன தன் கொல்லைக்குள்ள எறங்குச்சு. ஒவ்வொரு அடியையும் அழுத்தி வச்சு, நிறுத்தி, அடுத்த அடி வச்சுச்சு. "மண்ணைப் பாரு"ன்னுச்சு. "என் காலு அங்க பதியுதா, பாரு."

அது கயித்துப் பக்கம் ஓடுற சத்தம் போன்ல கேட்டுச்சு. அப்பறம், "ஓம் அக்கா"ன்னு ஒரு கொரலு. "கயித்துக்கு உள்ளுக்கு. தனியப் பதியுது."

"நான் வச்ச எடத்துல ஒண்ணும் வெடிக்கலல்ல. அதும் மேலயே கால் வச்சு வா."

ஸ்பிரேயர்க்காரன் ஒருத்தன் விசையைத் தூக்கினான். நான் எப்படி எறங்கினேன்னு எனக்கே தெரியல, எறங்கி அவனுக்கும் அஞ்சம்மாக்காவுக்கும் நடுவுல நின்னுட்டேன். எனக்குப் பின்னால என் பொஞ்சாதி எறங்குச்சு. அப்பறம் தலையாட்டின அத்தனை பயலும் எறங்கினான், பொம்பளைங்க எறங்குச்சுங்க, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வரிசை வரிசையா, செடி வரிசைக்கு நடுவால, காலை அழுத்தி அழுத்தி நடந்தோம். தண்ணி ஊத்திப் பழகின காலு, எந்தக் குழி எங்க இருக்குன்னு எங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆபீசரு வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு கத்தினாரு. ஆளு மேல மருந்தடிக்க உத்தரவுல எழுதல, அதனால அடிக்க முடியல.

எங்க தடத்துக்கு மேல ஒரு தடம் அழுந்துச்சு. எத்தனையோ நாளு பாத்த தடந்தான், தவமலர் ஒருத்தி காலு, பெருவெரலு கொஞ்சம் வெலகின காலு. அஞ்சம்மாக்கா போட்ட மொதத் தடத்துல அது வந்து நின்னுச்சு. நின்னுச்சு, நின்னுக்கிட்டே இருந்துச்சு, மணலு மட்டும் லேசா நடுங்குச்சு. அப்பறம் ரெண்டாவது தடத்துல காலை வச்சுச்சு. அப்பறம் மூணாவது. அதுக்குப் பின்னால இன்னொரு காலு, அதுக்குப் பின்னால ஒரு காலு, பெருசு, சிறுசு, ஒரு பக்கம் காலும் ஒரு பக்கம் ஊனுகோலு வட்டமுமா ஒண்ணு. எங்க கொல்லை மணல் முழுக்க ஆளே இல்லாம தடமா விழுந்துச்சு, எங்க காலுக்கு நடுவுல, எங்க காலை ஒட்டி, சில எடத்துல எங்க காலு மேலேயே. போன்ல காய் ஒடியிற சத்தம் கேட்டுச்சு. சோறு வேகுறாப்ல அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

வெயில் ஏறுச்சு. நகந்தா அங்க தடம் குழம்பிரும்னு நாங்க நின்ன எடத்துலயே நின்னோம். ஆபீசரு ஜீப்பு நெழல்ல உக்காந்து யாருக்கோ போன் மேல போன் போட்டாரு. பதினோரு மணிக்கு மேல தடமெல்லாம் ஒண்ணொண்ணாத் திரும்ப வந்து அங்க கயிறு இருக்குற பக்கமாப் போயி மறைஞ்சுச்சு. கடைசியா அந்தப் பெருவெரலு வெலகின காலு போச்சு.

"முடிஞ்சுது அக்கா"ன்னுச்சு போனு. "ஒரு காய் விடேல்லை. அடுப்பில ஏத்தப்போறம்."

அஞ்சம்மாக்கா போனை அணைச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு, தானும் வரப்புல ஏறிச் செருப்பை மாட்டிக்கிச்சு. ஆபீசரைப் பாத்து, "இப்ப அடிங்க சார்"ன்னுச்சு.

அடிச்சாரு. உத்தரவுல அந்தத் தேதி போட்டிருந்துச்சாம், அடிச்சே ஆகணுமாம். நாலு பேரும் ஒரு மணி நேரம், செத்த செடி மேல, நாங்க பாக்கப் பாக்க, ஒரு குழி விடாம அடிச்சானுங்க.